கருங்கண்ணாடியும் காலமும்



எங்கள் பாடசாலை இலங்கையின் கிழக்குக் கரையோரத்திலே, அலையோசை வகுப்பறைக்குள் கேட்கும் தூரத்தில் அமைந்தது. சில ஆண்டுகளுக்கு முன்னர் அங்கே மாணவரின் புகைப்படக் கண்காட்சி ஒன்றை நடத்தினோம். உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் எடுத்த கடற்கரைக் காட்சி முதற் பரிசைப் பெற்றது. பரிசுக்கு அதனைத் தெரிந்தவர்களுள் நானும் ஒருவன். அப்படத்தில் கடல், அலை என்பதையே அறியாததுபோல, வெண்பட்டு விரித்தாற்போலக் கிடந்தது. மணலில் ஒரு வள்ளம். நீரோரத்தில் நான்கு முளைகள். வேறொன்றும் இல்லை, வேறொருவரும் இல்லை. அதற்கு ‘அமைதி’ என்று பெயர் சூட்டியவனும் நானே.

கண்காட்சிக்கு வந்தவர்களுள் கரைவலை இழுக்கும் முதியவர் ஒருவர் இருந்தார். அவர் அப்படத்தின் முன்னே நெடுநேரம் நின்றார். பின்னர் என்னிடம் வந்து, “ஐயா, இது எங்கட கரைதானே? தம்பி கமராவை வைத்துக்கொண்டு நின்ற நேரம் நாங்கள் பதினெட்டுப் பேர் அதிலே வலை இழுத்துக்கொண்டு நின்றோம். வள்ளம் இருக்கிறது, முளை இருக்கிறது. நாங்கள் எங்கே?” என்று கேட்டார்.

அக்கேள்விக்கு இரண்டு விடைகள் உண்டு. ஒன்று கமராவைப் பற்றியது. மற்றது எம்மைப் பற்றியது. அன்று நான் அவருக்கு முதல் விடையைக்கூடச் செவ்வையாகக் கூறவில்லை. இன்று இரண்டையும் கூற முயல்கிறேன்.

கமரா என்பது கணப்பொழுதைப் பிடித்து நிறுத்தும் கருவி என்றே நாம் எண்ணுகிறோம். பாயும் குதிரையும், துள்ளும் மீனும், பந்தை அடிக்கும் வீரனும் படத்தில் அப்படியே நிற்பதைக் கண்டு பழகிவிட்டோம். ஆனால் கமரா செய்யும் வேலை ஒன்றேதான். அதன் கதவு திறந்திருக்கும் நேரம் முழுவதும் உள்ளே வரும் ஒளியை அது சேர்த்து வைக்கிறது. ஒரு குடத்தை நிரப்ப வேண்டுமாயின், குழாயைப் பெரிதாகத் திறந்து சில செக்கன்களில் நிரப்பலாம். நூலிழைபோல் ஒழுகவிட்டு அரைமணி நேரத்திலும் நிரப்பலாம். குடத்து நீர் இரண்டிலும் ஒரே அளவினதே. ஒளியும் அவ்வாறே. மிகுந்த ஒளியைச் சிறு நேரத்திலும், குறைந்த ஒளியை நெடுநேரத்திலும் சேர்க்கலாம்.

பட்டப்பகலிலே கமராவின் கதவை நிமிடக் கணக்காகத் திறந்து வைத்தால் குடம் நிரம்பி வழிந்துவிடும். படம் வெறும் வெள்ளையாக முடியும். ஒளி செல்லும் துவாரத்தைச் சிறிதாக்கலாமே என்று கேட்பீர்கள். ஆக்கலாம், ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. மிகச் சிறிய துவாரத்தினூடாகச் செல்லும் ஒளி, விளிம்பிற் பட்டு விரிந்து, படத்தின் கூர்மையைக் கெடுத்துவிடும். இவ்விடத்திலேதான் கருங்கண்ணாடி உதவிக்கு வருகிறது. புகைப்படக்காரர் இதனை நியூட்ரல் டென்சிட்டி வடிகட்டி என்றும், சுருக்கமாக என்.டி. கண்ணாடி என்றும் வழங்குவர். சிவப்புக் கண்ணாடி உலகைச் சிவப்பாக்கும். நீலக் கண்ணாடி நீலமாக்கும். இக்கண்ணாடியோ எல்லா நிறங்களையும் ஒரே விகிதத்தில் குறைப்பது. நடுவுநிலை பிறழாமையே அதன் குணம். பெயரும் அதனால் வந்ததே.

அதன் கணக்கு எளிது. ஒவ்வொரு படியும் ஒளியைப் பாதியாக்கும். மூன்று படிக் கண்ணாடி எட்டில் ஒரு பங்கை உள்ளே விடும். ஆறு படிக் கண்ணாடி 64 இல் ஒரு பங்கை விடும். பத்துப் படிக் கண்ணாடி 1024 இல் ஒரு பங்கை மாத்திரமே விடும். கண்ணாடியின் விளிம்பிலே 0.9 என்றோ, 1.8 என்றோ, 3.0 என்றோ எழுதியிருப்பதைக் காணலாம். ஒவ்வொரு 0.3 உம் ஒரு படி எனக் கொள்க. பத்துப் படிக் கண்ணாடியைக் கையிற் பிடித்துப் பார்த்தால், அடுப்புக்கரி பூசியதுபோல் இருண்டிருக்கும்.

எங்கள் மாணவன் படம் எடுத்தது மேகம் மூடிய ஒரு காலைப் பொழுதில். கண்ணாடி இன்றி எடுத்திருந்தால், ஒரு செக்கனின் முப்பதில் ஒரு பங்கு நேரமே அவனுக்குப் போதும். பத்துப் படிக் கண்ணாடியைப் பொருத்தியதும் அந்நேரம் ஏறத்தாழ 34 செக்கன்களாயிற்று. அவன் அத்தோடு நில்லாது, மூன்று படிக் கண்ணாடி ஒன்றையும் அதன்மேற் பொருத்தினான். பதின்மூன்று படிகள், 8192 இல் ஒரு பங்கு ஒளி. கமராவின் கதவு 273 செக்கன்கள், அதாவது நான்கரை நிமிடங்கள் வரை, திறந்து கிடந்தது.

நான்கரை நிமிடங்களிலே அலைகள் பல வந்து போகும். ஒவ்வொன்றும் தன் வெண்மையிற் சிறிதை விட்டுச் செல்லும். அவை யாவும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, அலையற்ற ஒரு வெண்பரப்பு உண்டாகும். வள்ளம் அசையவில்லை, ஆகவே வள்ளம் தெளிவாக விழுந்தது. வலை இழுத்தோர் நிலை வேறு. கரைவலை இழுப்பதைக் கண்டவர்கள் அறிவர்: கயிற்றைப் பற்றியவர்கள் பின்னோக்கி நடந்து மணல்மேல் ஏறுவார்கள், வாலில் நின்றவர் கயிற்றை விட்டுவிட்டு மீண்டும் நீரோரத்திற்கு வந்து முன்னே பிடிப்பார். ஒரே இடத்தில் எவரும் நிலைத்து நிற்பதில்லை. படத்தின் எந்த ஒரு புள்ளியை எடுத்துக்கொண்டாலும், அங்கே ஒரு மனிதரின் நிழல் சில செக்கன்கள் விழுந்தது. அவருக்குப் பின்னாலிருந்த மணலின் ஒளி நான்கு நிமிடங்களுக்கு மேலாக விழுந்தது. மணல் வென்றது, மனிதர் தோற்றனர். மூலப்படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, கயிறு கிடந்த வழியிலே சாம்பிராணிப் புகைபோன்ற ஒரு மெல்லிய கோடு தெரிந்தது. பதினெட்டுப் பேரும் அக்கோட்டினுள்ளே இருந்தனர்.

இதுவே முதல் விடை. இவ்வாறு நேர்வது புதிதன்று. புகைப்படக்கலை பிறந்த காலத்திலேயே நேர்ந்தது.

பிரான்சு நாட்டிலே நிசெபோர் நியெப்ஸ் என்பவர் 1826 இலோ 1827 இலோ தமது வீட்டுச் சாளரத்தினூடாகத் தெரிந்த காட்சியை நிலக்கீல் பூசிய ஒரு தகட்டிற் பதித்தார். இயற்கைக் காட்சியைக் கமராவினாற் பிடித்து இன்றும் எஞ்சியுள்ள படங்களுள் அதுவே மிகப் பழையது. அதற்கு எட்டு மணி நேரம் சென்றதென்று நெடுங்காலம் கூறிவந்தனர். சில நாட்களே சென்றிருக்கும் என்று பிற்கால ஆய்வாளர் சிலர் கருதுவர். அப்படத்திலே எதிரெதிரான சுவர்கள் இரண்டின்மீதும் வெயில் விழுகிறது. காலை வெயிலும் மாலை வெயிலும் ஒரே தகட்டிற் கூடின. எந்த மனிதக் கண்ணும் ஒருங்கே காணாத ஒரு பகலை அத்தகடு கண்டது.

அவருக்குப் பின்னர் லூயி டகேர் என்பவர், 1838 ஆம் ஆண்டிலே பாரிஸ் மாநகரின் பூல்வார் து தாம்ப்ள் என்னும் பெருவீதியை உயரத்திலுள்ள ஒரு சாளரத்திலிருந்து படமெடுத்தார். அக்காலத் தகடுகள் ஒளியை மிக மந்தமாகவே ஏற்றன. கருங்கண்ணாடி எதுவும் இன்றியே நிமிடக் கணக்கில் அவர் காத்திருக்க வேண்டியதாயிற்று. வண்டிகளும் குதிரைகளும் வழிப்போக்கரும் நிறைந்த அவ்வீதி, படத்திலே ஆளரவமற்றுக் கிடக்கிறது. ஆனால் ஒரு மூலையிலே ஒருவர் ஒரு காலைத் தூக்கி வைத்தபடி நிற்கிறார். அவருடைய சப்பாத்தை ஒருவர் குனிந்து துலக்குகிறார். அவ்வளவு நேரம் ஓரிடத்தில் நின்றமையால் அவர்கள் இருவரும் தகட்டிலே தங்கிவிட்டனர். மனித உருவம் தெரியும் மிகப் பழைய புகைப்படம் இதுவே எனப் பலரும் கொள்வர். தந்தி முறையை உருவாக்கியவர்களுள் ஒருவராகிய அமெரிக்கர் சாமுவேல் மோர்ஸ், 1839 மார்ச்சு மாதத்திலே டகேரைச் சந்தித்து அவருடைய படங்களைப் பார்த்தார். அசைந்த பொருள்கள் எவையும் பதியவில்லை என்பதையும், சப்பாத்துத் துலக்குவித்தவர் மாத்திரம் தப்பினார் என்பதையும் வியந்து தம் சகோதரருக்கு எழுதினார்.

நேயர்களே, அவ்வீதியிற் செல்வந்தர் எத்தனை பேர் வண்டிகளிற் சென்றிருப்பர்! அவர்களுள் எவரும் அத்தகட்டில் இல்லை. சப்பாத்துத் துலக்கிய தொழிலாளி இருக்கிறார். கமராவுக்குப் பெரியவர் சிறியவர் என்னும் பேதம் தெரியாது. தங்கியவரை அது அறியும், கடந்தவரை அறியாது.

நமது நாட்டோடு தொடர்புடைய ஒருவரையும் இங்கே குறிப்பிடுதல் பொருந்தும். இங்கிலாந்தின் புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரன் அம்மையார், 1875 இல் கணவருடன் இலங்கைக்கு வந்து குடியேறினார். 1879 சனவரியில் மலையகத்திலே காலமாகி, பொகவந்தலாவைத் தேவாலய வளவில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் முன் அமர்ந்தோர் நிமிடக் கணக்கில் அசையாதிருக்க வேண்டியிருந்தது. சிறு அசைவால் முகம் சற்றே மங்கினாலும் அவர் அதனைக் குற்றமாகக் கொள்ளவில்லை. உயிருள்ள முகத்தின் அடையாளமாகவே கொண்டார் எனலாம். களுத்துறையிலே அவர் எடுத்த நாட்டுப்புற மக்களின் படங்கள் இன்றும் உள்ளன. அம்மக்கள் கமராவின் முன்னே மூச்சடக்கி நின்றமையாலேயே நாம் இன்று அவர்களைக் காண்கிறோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே, ஒளியை விரைந்து ஏற்கும் உலர்தகடுகள் வந்தன. நொடியிற் படமெடுத்தல் இயல்வதாயிற்று. முன்னோர் குறையெனக் கருதிய மந்தத்தைப் பின்வந்தோர் தேடிப் பெறவேண்டிய நிலை உண்டாயிற்று. கருங்கண்ணாடி அதற்கு அவர்கள் கொடுக்கும் விலை என்க.

அம்மந்தத்தைக் கொண்டு அரிய வேலை செய்தோர் பலர். 1953 இல் இங்கிலாந்திற் பிறந்த மைக்கேல் கென்னா, இரவிலே பல மணி நேரம் கமராவைத் திறந்து வைத்துக் கடலையும் மரங்களையும் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். யப்பானியரான ஹிரோஷி சுகிமோட்டோ, திரையரங்கொன்றிலே திரைப்படம் தொடங்கும்போது கதவைத் திறந்து, அது முடியும்போதே மூடினார். கதை முழுவதும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, திரை வெறும் வெள்ளொளியாயிற்று; ஆடியோரும் பாடியோரும் அவ்வொளியில் மறைந்தனர். ஜெர்மனியரான மிக்காயேல் வெசெலி, நியூயோர்க் நகரின் நவீனக் கலைக் காட்சியகம் திருத்திக் கட்டப்பட்டபோது, 2001 முதல் 2004 வரை தம் கமராக்களைத் திறந்தே வைத்திருந்தார். அப்படங்களிலே பழைய கட்டடமும் புதிய கட்டடமும் ஒன்றினூடாக ஒன்று தெரிகின்றன. கட்டடங்கள் தெரிகின்றன, கட்டிய கைகள் தெரியவில்லை.

இக்கலையிற் பழக விரும்பும் இளைஞருக்குச் சில குறிப்புகள் சொல்வேன். உறுதியான முக்காலி முதலாவது தேவை. ஈரமணலில் அதன் கால்கள் மெல்ல மெல்லப் புதையும். ஆகவே அழுத்தி ஊன்றுக. கண்ணாடியைப் பொருத்திய பின் ஒன்றும் தெரியாது. எனவே காட்சியை அமைத்து, கூர்மையைச் சரிசெய்து, அதனை அசையாதபடி நிறுத்திய பின்னரே பொருத்துக. கமராவைக் கையால் அழுத்தாது, கம்பி விசையாலோ நேரங்குறிக்கும் விசையாலோ திறக்க. கண் வைத்துப் பார்க்கும் துளையை மூடிவிடுக. இல்லாவிடின் பின்புறத்தால் ஒளி புகும். மலிவான கண்ணாடிகள் பெயரளவிலேயே நடுவுநிலையுடையன. படத்திற் செம்மையோ நீலமோ ஏற்றிவிடும். பிலிம் சுருளைப் பயன்படுத்துவோர், கணக்கிட்ட நேரத்திற்கும் மேலாக ஒளி கொடுத்தல் வேண்டும். ஏனெனில் நெடுநேரம் செல்லச் செல்ல பிலிம் களைத்துவிடுகிறது. இன்றைய டிஜிற்றல் கமராவுக்கு இக்களைப்பு இல்லை. ஆனால் அது சூடேறி, இருட்டிலே வெண்புள்ளிகளைக் காட்டும். இன்னுமொன்று. இக்கண்ணாடியினூடாகச் சூரியனைக் கண்ணாற் பார்த்தல் ஒருபோதும் ஆகாது. கண்ணுக்குத் தெரியும் ஒளியை அது குறைத்தாலும், தெரியாத வெப்பக் கதிர் உள்ளே புகுந்து பார்வையைக் கெடுத்துவிடும்.

இனி, முதியவரின் கேள்விக்கு உரிய இரண்டாம் விடைக்கு வருகிறேன்.

2004 டிசம்பர் 26 ஆந் திகதி கடல் எங்கள் கரையினுள்ளே வந்தது. உயிர்களையும் வீடுகளையும் கொண்டு சென்ற அவ்வெள்ளம், வீட்டுச் சுவர்களிலே தொங்கிய படங்களையும் கொண்டு சென்றது. தாயின் முகத்தைப் பேரப்பிள்ளைக்குக் காட்ட ஒரு கடதாசித் துண்டும் இல்லாத வீடுகள் எங்கள் ஊரில் உள்ளன. அத்தகைய ஊரிலே, ‘படத்தில் நாங்கள் எங்கே’ என்று ஒருவர் கேட்பது சிறிய கேள்வியன்று. அதை நான் உணர ஓர் இரவு சென்றது.

மறுநாள் மாணவனை அழைத்து, அன்று கரையில் ஆட்கள் நின்றது உனக்குத் தெரியாதா என்று கேட்டேன். அவன் தலைகுனிந்து நின்றான். பிறகு, “தெரியும் சேர். அப்பாவும் அன்றைக்கு அந்த வலையில்தான் நின்றார். ஆட்கள் நின்றால் படம் குழம்பிவிடும் என்று நினைத்தேன்” என்றான்.

அவனை நான் எவ்வாறு கடிந்துகொள்வது? அவன் ஒரு கண்ணாடியைப் பொருத்தினான். நானோ அதன்மேல் ஒரு பெயரைப் பொருத்தினேன். பதினெட்டுப் பேர் வியர்வை சிந்தி உழைத்த நான்கரை நிமிடங்களுக்கு ‘அமைதி’ என்று பெயரிட்டவன் நான். கமரா பொய் கூறவில்லை. தான் கண்டதைக் கூட்டிக் கழித்துக் கூறியது. அங்கே நின்றவர்களை அறிந்திருந்தும் அறியாதவர்போல் இருந்தவர் நாமே. இதுவே இரண்டாம் விடை.

படத்தைச் சுவரிலிருந்து இறக்கிவிடுவோமா என்று மாணவன் கேட்டான். வேண்டாம் என்றேன். அழகு அங்கே உண்மையாகவே உண்டு. அதனை மறைப்பதால் ஒருவருக்கும் நன்மையில்லை. அதற்குப் பதிலாக இரண்டு காரியங்கள் செய்தோம்.

முதலாவது, அவன் மீண்டும் கரைக்குச் சென்றான். முதியவர் வாடியின் முன்னே அமர்ந்து வலை பொத்திக்கொண்டிருந்தார். பத்துப் படிக் கண்ணாடியை மாத்திரம் பொருத்தி, 34 செக்கன்கள் அசையாதிருக்கும்படி அவரை வேண்டினான். அவரும் இசைந்தார். படம் வந்தபோது, பின்னாலே கடல் முன்போலவே வெண்பட்டாகக் கிடந்தது. முன்னாலே அவருடைய முகம், நெற்றிச் சுருக்கம் வரை தெளிவாக விழுந்திருந்தது. ஆனால் கைகள் இரண்டும் புகையாய்க் கலைந்திருந்தன. மாணவன் அதனை அவரிடம் காட்டி வருந்தியபோது, “வலையைக் கையிலே தந்துவிட்டுக் கையை ஆட்டாதே என்றால் எப்படி, தம்பி?” என்று சொல்லிச் சிரித்தாராம். அதனைத் திரும்ப எடுக்க வேண்டாம் என்றேன். அக்கைகளின் மங்கலிலே அவருடைய தொழில் பதிந்திருக்கிறது.

இரண்டாவது, முதற் படத்தின் அடியிலிருந்த ‘அமைதி’ என்னும் சொல்லை அகற்றினோம். மாணவன் தன் தந்தையிடமும் மற்றையோரிடமும் கேட்டறிந்து, அதன் கீழே இவ்வாறு எழுதினான்: ‘கமரா திறந்திருந்த நேரம் நான்கரை நிமிடம். அந்நேரம் இக்கரையிலே வலை இழுத்துக்கொண்டிருந்தோர்:’ அதன் பின்னே பதினெட்டுப் பெயர்கள்.

நெடுநேரப் புகைப்படம் எடுப்போர் அனைவரும் இவ்வழக்கத்தைக் கைக்கொண்டால் நன்றென எண்ணுகிறேன். எவ்வளவு நேரம் கதவு திறந்திருந்தது என்று எழுதுக. அந்நேரத்தில் அங்கே யார் இருந்தார் என்பதை அறிவீராயின் அதனையும் எழுதுக. கண்ணாடி நடுவுநிலையுடையது, அதற்கு அதுவே போதும். அதனைக் கையாளும் மனிதருக்கு நினைவும் வேண்டும்.

இப்பொழுது அவ்விரு படங்களும் எங்கள் மண்டபச் சுவரில் அருகருகே தொங்குகின்றன. எழுதி மாட்டிய சில நாட்களின் பின் முதியவர் ஒருமுறை பாடசாலைக்கு வந்தார். தம்முடைய முகத்தை அவர் அதிகம் பார்க்கவில்லை. மற்றப் படத்தின் அருகே சென்று, பெயர்களின்மேல் விரலை வைத்து ஒவ்வொன்றாக எண்ணி முடித்து, “பதினெட்டும் சரி, ஐயா” என்றார்.